பதினான்கு மாதத்துக்கு முன்பே

திரையில் ஒரு சிவப்புக் கோடு மேலே ஏறி நின்றது. அதன் அடியில் 147 என்று போட்டிருந்தது. மேடையில் நின்ற டொக்டர் நிரஞ்சன் கையிலிருந்த சிறு விளக்கின் ஒளியை அந்த எண்ணின்மேல் வைத்து ஆங்கிலத்தில் சொன்னார். இந்தப் பெண்ணின் நுரையீரலில் புற்றுநோய் இருப்பதை வைத்தியசாலை கண்டறிவதற்குப் பதினான்கு மாதத்துக்கு முன்பே, அவருடைய இரத்தத்தில் நம்முடைய சோதனை அதைக் கண்டுவிட்டது.

மண்டபமே கைதட்டியது.

கடைசி வரிசையில், தேத்தண்ணீர் மேசையை ஒட்டி உட்கார்ந்திருந்த ஜெயந்தினியும் கைதட்டத்தான் கைகளைத் தூக்கினாள். தூக்கிய கைகள் ஒன்றோடொன்று சேரவில்லை. நுவரெலியா ஹோட்டலின் அந்த மண்டபத்தில் இருந்த அறுபது பேரில் 147 யார் என்று தெரிந்த ஒரே ஆள் அவள்தான். கலைத்துப் போட்ட எண்களிலிருந்து அதை எடுத்து இரத்தக் குழாயில் ஒட்டியதே அவள். ஒட்டும்போது, "என்னா தங்கச்சி, ஜெயில்ல போடுற மாதிரி நம்பரெல்லாம் போடுறே" என்று சிரித்தது ஊசிமலைத் தோட்டத்துப் பவுலின். நாற்பத்தெட்டு வயது. பீடி, சுருட்டு எதையும் தொட்டதில்லை. முப்பது வருடம் கொழுந்து பறித்தவள். இன்றைக்கு லயத்து வரிசை வீட்டுக் காம்பராவில் முதுகுக்கு மூன்று தலையணை வைத்து உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். படுத்தால் மூச்சு வராது. நோய் முதுகெலும்புக்குப் போய்விட்டது, இனி வலிக்கு மட்டும்தான் மருந்து என்று இரண்டு மாதத்துக்கு முன்னால் கண்டியில் சொல்லிவிட்டார்கள்.

பதினான்கு மாதம். அதன்பிறகு மேடையில் பேசிய எதுவும் ஜெயந்தினிக்குக் கேட்கவில்லை.

இடைவேளையில் நிரஞ்சனைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த ஒருவர் அவர் தோளில் தட்டிக்கொண்டிருந்தார். ஜெயந்தினி நேராக நடுவில் போய் நின்றாள்.

"சேர், நூத்தி நாப்பத்தேழு யாருன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரியவும் கூடாது. அதுக்குத்தானே நம்பர்."

"எனக்குத் தெரியும்."

அவர் முகம் மாறியது. சிரித்த வாயோடேயே அவளை நடைபாதைப் பக்கம் ஒதுக்கிக்கொண்டு போனார். நிரஞ்சன் கெட்ட மனிதர் இல்லை. வட்டகொடைப் பக்கம் தோட்டப் பள்ளிக்கூட வாத்தியாரின் மகன். படித்து மேலே போன பின்னும் மலையைத் தேடித் திரும்பி வந்தவர். ஜெயந்தினிக்கு அவர்மேல் மரியாதை இருந்தது. ஹட்டனில் ஒரு தனியார் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவளை இந்த ஆய்வுக்கு அழைத்து வந்ததே அவர்தான். விறகுப் புகையிலேயே வாழ்நாளைக் கழிக்கிற தோட்டத்து ஆட்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, நுரையீரல் புற்றுநோய் எப்படி வருகிறது, அதை இரத்தத்தில் முன்கூட்டியே பிடிக்க முடியுமா என்பதுதான் ஆய்வு. அவள் இரத்தம் எடுப்பாள். ஹட்டனில் மருந்துக்கடைக்கு மேலேயிருந்த சின்ன ஒபீஸில் இரண்டு மணி நேரத்துக்குள் அதை இயந்திரத்தில் சுழற்றித் தெளியவைத்து, உறையவைத்து அனுப்புவாள். எங்கேயோ ஒரு பெரிய ஆய்வுகூடத்தில் அதைப் பார்ப்பார்கள்.

"அவங்க ரத்தத்தோட ரிசல்ட் எப்ப வந்துச்சு சேர்?"

"அனுப்பி மூணு மாசத்துல எல்லாருடையதும் வந்துரும். ஆனா அது மூடி வச்ச பட்டியல். போன மாசம்தான் திறந்தோம்."

அவள் விரலை மடக்கி எண்ணினாள். "பவுலின் அக்காவுக்குக் கண்டியில கண்டுபிடிக்கிறதுக்குப் பதினோரு மாசம் முந்தியே அந்தப் பட்டியல் ஒங்க கம்ப்யூட்டர்ல இருந்திருக்கு."

"பேர் சொல்லாத."

"பதினோரு மாசம் சேர்!"

"நான் திறக்கல ஜெயந்தினி. திறந்தா இந்த ஆய்வுக்கு அர்த்தமே இல்ல. யாருக்கு வரும்னு முதல்லயே தெரிஞ்சுக்கிட்டா, சோதனை சரியா தப்பான்னு எப்படிச் சொல்றது? இது இன்னும் முடிவாகாத சோதனை. அளவு கூடன்னு வந்த பத்துப் பேர்ல ஏழு பேருக்கு ஒண்ணுமே இருக்காது. அந்த ஏழு பேரையும் பயமுறுத்தச் சொல்றியா?"

"மிச்சம் மூணு பேரைச் சாக விடச் சொல்றீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சம்மதப் படிவத்துல அஞ்சாவது பந்தியில என்னா இருந்துச்சு சேர்? ஏதாச்சும் தெரிஞ்சா அறிவிப்போம்னு இருந்துச்சுல்ல? நான் வாயால வாசிச்சுக் காட்டுனேன். முந்நூறு பேருக்கு வாசிச்சேன்."

"அதைத்தான் எடுத்தாச்சே. முடிவாகாத சோதனைய வச்சு யாருக்கும் எதுவும் சொல்லக் கூடாதுன்னு திருத்தம் வந்துச்சு. ஒனக்கும் அனுப்புனேன். கிடைச்சுதுன்னு நீயும் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கே."

ஆமாம், அனுப்பியிருக்கிறாள். ஆங்கிலத்தில் பதினெட்டுப் பக்கம். 'படிவத்தின் புதிய பதிப்பை இனிமேல் பயன்படுத்தவும்' என்று மேலே ஒரு வரி. அதைப் பார்த்தாள், கையெழுத்துப் போட்டாள், மறுநாள் பழைய படிவக் கட்டை அலுமாரியில் வைத்துப் புதிய கட்டை எடுத்தாள். புதியதில் ஒரு பந்தி குறைந்திருந்ததையும் கவனித்தாள். வாசிக்கிற வேலை கொஞ்சம் குறைந்தது என்று மட்டும்தான் அன்றைக்குத் தோன்றியது.

"பழைய முந்நூறு பேருகிட்ட யார் சேர் போய்ச் சொன்னது, சொன்ன சொல்லை மாத்திட்டோம்னு?"

"அது நடந்திருக்கணும். விட்டுப்போச்சு."

"விட்டுப்போச்சு" என்று அவள் திருப்பிச் சொன்னாள்.

"இங்க பாரு. நானும் தோட்டத்துலயே வளந்தவன். இந்தச் சனங்களுக்காகத்தான் இதைச் செய்யுறேன். இன்னும் பத்து வருசத்துல இந்தச் சோதனை எல்லா ஆஸ்பத்திரியிலயும் வந்துரும். அப்ப எத்தனை உயிர் தப்பும், யோசி."

"பவுலின் அக்காவுக்குப் பத்து மாசம்கூடக் கெடையாது சேர்."

அவள் மதியச் சாப்பாட்டுக்கு நிற்கவில்லை. ஆளுக்கொன்றாகக் கொடுத்திருந்த அறிக்கைப் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு ஹட்டன் பஸ்ஸைப் பிடித்தாள்.

அந்த முந்நூறு பேரைச் சேர்த்துக் கொடுத்ததே பவுலின்தான். ஊசிமலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் அந்த அறையில், முதல் நாள் ஜெயந்தினி ஊசியும் குழாயுமாகக் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். ஒருத்தரும் வரவில்லை. இரத்தத்தை வெளிநாட்டுக்கு விற்கப்போகிறார்கள் என்று லயமெல்லாம் பேச்சு. பவுலின்தான் கொழுந்துக் கூடையோடு உள்ளே வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"ரத்தத்துல ஏதாச்சும் தெரிஞ்சா எங்களுக்குச் சொல்லுவீங்களா? இல்ல, எடுத்துக்கிட்டுப் போனதோட சரியா?"

ஜெயந்தினி ஐந்தாவது பந்தியை வாசித்துக் காட்டினாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "சொல்லுவோம் அக்கா. நானே வந்து சொல்லுவேன்" என்றும் சேர்த்துச் சொன்னாள். பவுலின் கம்பளிச் சட்டையின் கையைச் சுருட்டி நீட்டினாள். மறுநாள் காலை பெரட்டுக் களத்தில் மேற்பார்க்கும் கண்டாக்கு ஆட்களுக்கு வேலை பிரிக்கும்போது எல்லார் முன்னாலும் நின்று, "வட்டவளைப் புள்ளதான். நம்ம புள்ள. பொய் சொல்லாது" என்று பவுலின் சொன்னாளாம். அன்றைக்கு நாற்பது பேர் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் சொன்னாள். பக்கத்துத் தோட்டத்திலிருந்தும் வரத்தொடங்கினார்கள்.

ஒபீஸுக்கு வந்து கதவைத் தாழிட்டாள். அலுமாரியின் அடித்தட்டில் எண்ணையும் பெயரையும் சேர்த்து எழுதிய கொப்பி இருந்தது. அதைப் பூட்டி வைத்திருப்பதும் எவருக்கும் காட்டாமல் இருப்பதும் அவள் வேலை. அறிக்கைப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில், அளவு 'கூட' என்று வந்தவர்களின் எண்களைச் சின்ன எழுத்தில் அடுக்கியிருந்தார்கள். வெறும் எண்கள்தானே, யாருக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்திருப்பார்கள். பழைய படிவத்தில் கையெழுத்துப் போட்ட முந்நூறு பேரில் பதினொரு எண்கள் இருந்தன. அவள் ஒவ்வொன்றாகப் பெயரைத் தேடினாள். மூன்றாவதாக வந்தது மாரியாயி. நான்கு மாதத்துக்கு முன்னால் மூச்சிழுப்பு வந்து செத்துப்போனாள் என்றார்கள். ஜெயந்தினியும் மரண வீட்டுக்குப் போய்வந்திருந்தாள். அது இழுப்புத்தானா என்று இனி யார் சொல்வது?

பதினொன்றில் ஒருத்தி செத்துவிட்டாள். ஒருத்தி செத்துக்கொண்டிருக்கிறாள். மிச்சம் ஒன்பது பேர். இந்த நேரம் அவர்கள் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டோ தொழிற்சாலையில் கொழுந்தைக் கிளறிக்கொண்டோ இருப்பார்கள். பெயர்களை ஒரு தாளில் எழுதினாள். பேனை தாளைக் கிழித்தது.

மறுநாள் சாயந்தரம் அவள் ஊசிமலைக்கு ஏறினாள். பவுலினின் புருஷன் கஸ்பர் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். அடுப்பு உள்ளே எரிந்தால் பவுலினுக்கு இருமல் தாங்காது என்று வெளியே மூன்று கல் வைத்துச் சோறாக்கினார். உள்ளே பவுலின் சுவரில் சாய்ந்திருந்தாள். தோள் எலும்பு துருத்திக்கொண்டு நின்றது.

ஜெயந்தினி எதையும் சுற்றி வளைக்கவில்லை. போன வழியிலெல்லாம் யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் போய்விட்டன. இரத்தத்தில் தெரிந்தது, எழுத்தில் வந்தது, யாரும் சொல்லவில்லை என்று மூன்று வசனத்தில் சொல்லிவிட்டாள்.

பவுலின் சுவரிலிருந்து கொஞ்சம் நிமிர்ந்தாள். பிறகு, "எப்பலருந்து தெரியும்?" என்றாள்.

"எனக்கு நேத்துத்தான் அக்கா. ரத்தம் எடுத்து மூணாவது மாசமே அவங்ககிட்ட இருந்திருக்கு."

"மூணாவது மாசம் எனக்கு இருமல்கூட இல்ல."

"இல்லக்கா."

"ஒனக்கு ஞாபகம் இருக்கா? போன வருசம் ஐப்பசியில, பஸ்ல பாத்தே. நான் இருமிக்கிட்டே ஏறினேன். 'ஒரு நெஞ்சுப் படம் எடுத்துப் பாருங்கக்கா'ன்னு சொன்னே. நான் என்னா சொன்னேன்?"

ஜெயந்தினிக்கு ஞாபகம் இருந்தது. அதை அவள் வாயால் சொல்ல முடியவில்லை.

"சொல்லுடி!"

"'என் ரத்தத்தத்தான் நீங்க பாத்துட்டீங்களே, ஏதாச்சும் இருந்தா நீ வந்து சொல்லியிருப்பேல்ல'ன்னு சொன்னீங்க."

"நீ சொல்லல. அதனால எனக்கு ஒண்ணும் இல்லன்னு நெனச்சேன்." பவுலினுக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் நிறுத்தவில்லை. "தோட்ட ஆஸ்பத்திரியில பாணி மருந்து குடுத்தாங்க, குடிச்சேன். இழுப்புன்னு பம்பு குடுத்தாங்க, இழுத்தேன். காசமான்னு பாக்கச் சளியை மூணு தரம் எடுத்துக்கிட்டுப் போனாங்க. எதுவும் கேட்டு நான் சண்டை போடல. ஏன்? பெரிய டொக்டர்மார் என் ரத்தத்தப் பாத்துட்டாங்க, எனக்குப் பெரிய வியாதி இல்லன்னு என் மனசுல இருந்துச்சு. ஒங்க ஊசிய நான் குத்திக்காம இருந்திருந்தா, பயந்தாவது கண்டிக்குப் போயிருப்பேன்டி!"

கஸ்பர் கோடரியோடு வாசலில் வந்து நின்றார். அவர் காதிலும் எல்லாம் விழுந்திருந்தது.

"வெளிய போ" என்றாள் பவுலின்.

ஜெயந்தினி எழுந்தாள். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள். அதைக் கேட்பதும், இரத்தத்தை வாங்கியதுபோல, அவளிடம் இன்னொன்றைத் தரச்சொல்லிக் கேட்பதுதான் என்று பட்டது. மூடிக்கொண்டாள். வாசற்படியைத் தாண்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"நில்லு. நான் மட்டுமா? வேற யாரு யாரு?"

ஜெயந்தினி பையிலிருந்த தாளை எடுத்துக் கொடுத்தாள். பவுலின் அதை முகத்துக்குக் கிட்டே பிடித்து ஒவ்வொரு பெயராக வாசித்தாள். அழகம்மா, சிவசாமி, சுலக்ஷனா...

"சுலக்ஷனாவா? அது கைப்புள்ளக்காரிடி."

அடுத்த நாட்களில் ஜெயந்தினி அந்த ஒன்பது பேரிடமும் தானே போய்ச் சொன்னாள். அந்த வியாழக்கிழமை இரண்டாவது தடவை இரத்தம் எடுக்கும் நாள். ஒன்றரை வருடம் கழித்து அதே ஆட்களின் இரத்தத்தை மறுபடியும் பார்க்க வேண்டும். அது இல்லாமல் ஆய்வு முடியாது. அதற்கென்று கொழும்பிலிருந்து வேனில் நான்கு பேர் வந்தார்கள். பிள்ளைக்காம்பராவில் மேசை போட்டார்கள், குழாய்களை அடுக்கினார்கள். பெண்கள் அறுபது பேருக்கு மேல் வந்து தரையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. எல்லாரும் சட்டைக் கையை மணிக்கட்டு வரைக்கும் இழுத்துவிட்டிருந்தார்கள்.

முதல் பெயரைக் கூப்பிட்டார்கள். யாரும் எழவில்லை. இரண்டாவது பெயரையும் கூப்பிட்டார்கள்.

கஸ்பரும் இன்னொருவரும் பவுலினை நாற்காலியோடு தூக்கிவந்து நடுவில் வைத்தார்கள். வேனில் வந்தவர்களில் மூத்த பெண் சிங்களவர். நல்ல மனுஷி. பவுலினைப் பார்த்துப் பதறி எழுந்தார். பவுலின் அவரிடம் சிங்களத்திலேயே நிதானமாகச் சொன்னாள். நோனா, உங்கள்மேல் எங்களுக்குக் கோபம் இல்லை, ஆனால் இன்றைக்கு இங்கே ஒரு சொட்டு இரத்தம் கிடைக்காது, உங்கள் பெரிய டொக்டரை வரச்சொல்லுங்கள்.

நிரஞ்சன் அன்று மத்தியானமே வந்தார். உள்ளே நுழைந்தவர் முதலில் பார்த்தது பவுலினைத்தான். அவர் கால் ஒரு கணம் நின்றது. திரையில் கோடாக மட்டும் பார்த்த ஆளை அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறார்.

"அம்மா, நடந்ததுக்கு நான் ரொம்ப..."

"அது இருக்கட்டும். இந்த ஒம்பது பேருக்கும் எப்ப ஸ்கேன் எடுக்குறீங்க?"

அவர் ஜெயந்தினியைத் திரும்பிப் பார்த்தார். அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை.

"இது நான் தனியா முடிவெடுக்குற விசயம் இல்லம்மா. குழு அனுமதி வேணும். மறுபடியும் எழுதிக் குடுக்கணும். ஆறு மாசம் ஆகும்."

"அந்த அஞ்சாவது பந்திய எடுக்குறதுக்கு எத்தனை மாசம் ஆச்சு?"

"ரெண்டு கிழமை, பதினாலே நாள்" என்றாள் ஜெயந்தினி.

தரையில் உட்கார்ந்திருந்த பெண்களிடமிருந்து ஒரு சத்தம் எழுந்தது. அது அழுகை இல்லை. அட்டை கடித்தால் பிடுங்கி எறியும்போது வருமே, அந்த மாதிரியான சத்தம்.

"ரெண்டு கிழமை" என்றாள் பவுலின். "எங்களுக்கும் அதே ரெண்டு கிழமைதான். தேதி போட்டு எழுதிக் குடுங்க. அதுவரைக்கும் இந்தத் தோட்டத்துல மட்டும் இல்ல, ஒங்க லிஸ்ட்ல இருக்கிற எந்தத் தோட்டத்துலயும் யாரும் கைய நீட்ட மாட்டாங்க. நான்தானே நீட்டச் சொன்னேன். மடக்கவும் நானே சொல்லிட்டேன்."

அவள் சொன்னது வெறும் மிரட்டல் இல்லை. அடுத்த மூன்று நாளில் வேன் ஐந்து தோட்டங்களுக்குப் போனது. ஐந்திலும் வெறும் குழாய்களோடுதான் திரும்பியது. வெளிநாட்டிலிருந்து ஃபோன் வந்தது என்றும் நிரஞ்சன் இரண்டு நாள் கொழும்பிலேயே இருந்தார் என்றும் பேச்சு. பதினெட்டாவது நாள் ஒன்பது பேருக்கும் கண்டியில் ஸ்கேன் எடுத்தார்கள். ஸ்கேனுக்கு வரச்சொன்ன கடிதம் வந்த அதே நாளில் ஜெயந்தினிக்கும் ஒரு கடிதம் வந்தது. இரகசியம் காக்கும் உறுதியை மீறியதால் வேலையிலிருந்து நீக்கப்படுகிறாள். சாவியையும் கொப்பியையும் ஒப்படைக்க வேண்டும். அவள் ஒப்படைத்தாள்.

ஒன்பது பேரில் ஆறு பேருக்கு ஒன்றும் இல்லை. நிரஞ்சன் சொன்னதில் அந்தப் பாதி உண்மைதான். சுலக்ஷனா அந்த ஆறில் ஒருத்தி. இடுப்பில் பிள்ளையோடு ஜெயந்தினியைத் தேடி வட்டவளையில் அவள் வீட்டுக்கே வந்தாள்.

"ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்க. சந்தோசமா? மூணு கிழமையா நான் இந்தப் புள்ளைக்குப் பால் குடுக்கப் பயந்தேன். என் மாமியாகிட்ட, நான் போயிட்டா புள்ளைய நீங்க வளத்துக்குவீங்களான்னு கேட்டேன். ஏன் என்கிட்ட வந்து சொன்னீங்க?"

"சொல்லாம இருந்திருந்தா?"

"அதுவும் தப்பு. இதுவும் தப்பு. படிச்சவங்க நீங்க எதையாச்சும் சரியாச் செஞ்சா என்னா?" சொல்லிவிட்டு, கொடுத்த தேத்தண்ணீரைக்கூடக் குடிக்காமல் போய்விட்டாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஜெயந்தினி ஓடிப்போய் அவளைச் சமாதானப்படுத்தப் பார்க்கவில்லை.

ஒருவருக்குச் சின்னப் புள்ளி தெரிந்தது. ஆறு மாதம் கழித்து மறுபடியும் பார்ப்போம் என்றார்கள். தொழிற்சாலையில் வேலை செய்யும் சிவசாமிக்குக் கட்டி இருந்தது. பக்கத்து முடிச்சுகளுக்கும் பரவியிருந்ததால் மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். அழகம்மாவுக்குக் கடலைப் பருப்பு அளவுக்கு ஒன்று. ஐம்பத்தாறு வயதில் அவளுக்கு ஒரு தும்மல்கூட வந்ததில்லை. நுரையீரலின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். முழுதாக வந்துவிட்டது என்று வைத்தியர் சொன்னார்.

அந்தச் செய்தியைப் பவுலினிடம் சொல்ல ஜெயந்தினி ஏறிப் போனபோது ஆவணி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. பவுலினால் இப்போது ஒரு வசனத்தை ஒரே மூச்சில் முடிக்க முடியவில்லை.

"அழகம்மா... பொழைச்சுக்குவாளா?"

"பொழைச்சுக்குவாங்கன்னு சொல்றாங்கக்கா."

"அப்ப... ஒங்க சோதனை... நல்ல சோதனைதான்." சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அதுதான்டி எனக்கு ஆத்திரமா இருக்கு. அது பொய்யாப் போயிருந்தா... என் விதின்னு கெடப்பேன். அது சரியாத்தான் சொல்லியிருக்கு. மனுசங்கதான் சொல்லல."

ஜெயந்தினி அவள் காலடியில் உட்கார்ந்திருந்தாள். பவுலின் அவளைப் போகச் சொல்லவுமில்லை, பக்கத்தில் வரச் சொல்லவுமில்லை. மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. நாலாம் நாள் விடியற்காலையில் பவுலின் போய்விட்டாள். அடக்கம் அன்றைக்கு ஐந்து தோட்டத்துச் சனம் மலையேறி வந்தது. நிரஞ்சனும் வந்திருந்தார், சனத்துக்குப் பின்னால் குடையில்லாமல் நின்றார். யாரும் அவரை ஏசவில்லை, யாரும் அவருக்கு இடம் விடவும் இல்லை. மண் போட்டு முடிந்ததும் தனியாக இறங்கிப் போனார்.

ஒரு மாதம் கழித்துக் கஸ்பர் வட்டவளைக்கு வந்து ஜெயந்தினியின் வீட்டு வாசலில் நின்றார். கையில் ஒரு கொப்பித் தாளும் பேனையும் இருந்தன.

"இந்த ஆய்வ நடத்துற பல்கலைக்கழகத்துக்கு முறைப்பாடு எழுதணும். விசாரிக்கச் சொல்லி. எனக்கு எழுத வராது. வேற யாருக்கும் இந்த விசயம் முழுசாத் தெரியாது. நீதான் எழுதணும்."

"வாங்கண்ணே, உள்ள வாங்க."

அவர் உள்ளே வந்தாலும் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். நடந்ததை நடந்தபடி, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். அவள் எழுதினாள். பவுலின் பெயரை எண்ணாக இல்லாமல் பெயராகவே எழுதினாள். ஐந்தாவது பந்தியில் இருந்ததை அப்படியே எழுதினாள், அது எந்தத் தேதியில் எடுக்கப்பட்டது, யாருக்கெல்லாம் சொல்லாமல் விடப்பட்டது என்பதையும் எழுதினாள். எழுத எழுத, மண்டபத்தில் அன்றைக்குக் கேட்ட கைதட்டல் காதில் வந்தது. பேனையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"யார் யார் மேல முறைப்பாடுன்னு பேர் எழுதணும்ண்ணே."

"எழுது. டொக்டர் நிரஞ்சன்."

எழுதினாள்.

"வேற?" என்று அவளே கேட்டாள். கஸ்பர் அவளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்து அடுத்த வரியில் தன் பெயரையும், தகப்பன் பெயரையும், பார்த்த வேலையையும், திருத்தம் கிடைத்ததாகக் கையெழுத்துப் போட்ட தேதியையும் எழுதினாள்.

"வாசிச்சுக் காட்டு" என்றார் கஸ்பர்.

அவள் முதலிலிருந்து கடைசி வரை வாசித்துக் காட்டினாள். தன் பெயர் வந்த இடத்தில் குரல் இறங்காமல் பார்த்துக்கொண்டாள். கஸ்பர் தாளை வாங்கி, அவள் காட்டிய இடத்தில் மெதுவாகத் தன் பெயரை எழுதினார். பிறகு அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"நானே கொண்டுபோய்க் குடுக்குறேன். விசாரணைக்குக் கூப்புடுவாங்க. நீ வருவியா?"

"வருவேன்."

அவர் தலையை ஆட்டிவிட்டு வெளியே இறங்கினார். கண்டிக்குப் போகும் பஸ் வட்டவளைச் சந்தியில் நின்றுகொண்டிருந்தது. அதைப் பிடிக்க அவர் வேகமாக நடந்தார்.